அண்ணன் ஓட்டிய டாங்கி

நான் வேதியியல் வாத்தியார். தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆவர்த்தன அட்டவணையைப் புகட்டிக்கொண்டிருக்கிறேன். வயது நாற்பத்தாறு. என் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடும்போது இரண்டு முறை கீழே சாய்த்திருக்கிறேன். இரண்டு முறையும் தெருவில் போகிறவர்கள்தான் வந்து தூக்கிக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட நான் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை டாங்கி கமாண்டர். என் மனைவி இதை வெளியில் சொல்வதில்லை. யாராவது கேட்டால் "ஆன்லைன்ல டியூஷன் எடுக்குறாரு" என்று சொல்லிவிடுவாள். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

டாங்கி என்றால் கம்ப்யூட்டருக்குள் ஓடும் டாங்கி. இதை விளையாட்டு என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். சிமுலேஷன் என்று சொல்ல வேண்டும். நான்கு பேர் நான்கு வீடுகளில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒரே டாங்கியை ஓட்டுவார்கள். ஒருவர் டிரைவர். ஒருவர் பீரங்கியைக் குறிபார்த்துச் சுடும் கன்னர். ஒருவர் குண்டு ஏற்றும் லோடர். நான்காவது ஆள் கமாண்டர். டிரைவருக்கு ஒரு சின்னக் கண்ணாடிப் பிளவு வழியாக முன்னால் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். மேலே தலையை நீட்டி நாலு பக்கமும் பார்ப்பவன் கமாண்டர். அவன் "இடது" என்றால் டிரைவர் இடது பக்கம் திருப்ப வேண்டும், "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும். ஆகவே இதில் சுடுவதைவிடப் பேச்சுதான் முக்கியம். பேச்சு ஒரு நொடி தாமதமானால் நாலு பேரும் சேர்ந்து எரிவோம்.

எங்கள் தமிழ்க் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். பிறகு ஒருவர், "சார் வாத்தியார்தானே" என்றார். இளிச்சவாயனை இப்படித்தான் தேர்ந்தெடுப்பார்கள். நான் ஒப்புக்கொண்டது மட்டுமல்ல, வருகைப் பதிவேடு வைத்தேன், பாடத்திட்டம் எழுதினேன், எட்டாவது வாரம் தேர்வு உண்டு என்றும் அறிவித்தேன். வாட்ஸப் குழுவில் போட்ட அறிவிப்பில் பெருந்தன்மையாக ஒரு வரி சேர்த்தேன்: 'எந்த வயதினரும் சேரலாம். யாரும் திருப்பி அனுப்பப்பட மாட்டார்கள்.' அந்த வரிதான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

முதல் இரண்டு அணிகளில் நான் கற்றுக்கொண்டது, நம் ஊர் ஆட்களுக்குச் சுடச் சொல்லித் தருவது சுலபம், சும்மா இருக்கச் சொல்லித் தருவதுதான் கஷ்டம் என்பது. டாங்கிக்குள் நுழைந்தவுடன் "சாப்ட்டாச்சா?" என்று தொடங்குவார்கள். நாலு பேரும் நாலு பேரையும் கேட்டு முடிக்க வேண்டும். மயிலாடுதுறைக்காரர் ஒருவர், எதிரி டாங்கி கண்ணுக்குத் தெரிந்த பிறகும், இட்லிக்கு என்ன தொட்டுக்கொண்டார் என்பதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சுட்டார். அதனால் முதல் விதி என்று எழுதினேன்: இன்ஜின் ஸ்டார்ட் ஆனபின் சாப்பாட்டுப் பேச்சு கிடையாது.

மூன்றாவது அணிக்கு முதலில் பெயர் கொடுத்தவள் என் அண்ணன் மகள். இன்ஜினியரிங் முடித்து, வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கையில் நிதானம் உண்டு. கன்னராகப் போட்டேன். அடுத்து நாகூரிலிருந்து ஒருவர். இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் அவரை பாய் என்போம். "சுடுறதெல்லாம் நமக்கு வேணாம் சார், எதையாச்சும் எடுத்துக் குடுக்குற வேலையாக் குடுங்க" என்றார். லோடர் ஆனார்.

டிரைவர்தான் இல்லை. ஒரு வியாழக்கிழமை மாலை அண்ணன் மகள் போன் செய்தாள்.

"சித்தப்பா, டிரைவர் கெடச்சிட்டாரு. பதினெட்டு வயசுலேர்ந்து டிராக்டர் ஓட்டுறவரு."

"யாரும்மா?"

"அப்பா."

நான் முடியாது என்றேன். அவள் நான் எழுதிய அறிவிப்பை எனக்கே வாசித்துக் காட்டினாள். யாரும் திருப்பி அனுப்பப்பட மாட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்ணனும் நானும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்பா போனபின் நிலத்தைப் பிரித்துக்கொண்டோம். என் பங்கைக் குத்தகைக்கு விட்டேன். இரண்டு பங்குக்கும் நடுவில் இருந்த வரப்பு ஒவ்வொரு சாகுபடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டு வந்தது. அண்ணன் வெட்டி உள்ளே தள்ளிக்கொள்கிறார் என்று என் குத்தகைக்காரர் சொன்னார். என் குத்தகைக்காரர்தான் வெட்டுகிறார் என்று அண்ணன் சொன்னார். அரை அடி மண். சர்வேயரைக் கூட்டிவந்தோம். அவர் புலப்படத்தை விரித்து, சங்கிலி பிடித்து, வெயிலில் அரை நாள் அளந்துவிட்டுச் சொன்னார்: "வரப்பு சரியாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும்தான் வாய்க்கா பொறம்போக்குல ஒரு அடி உள்ள நிக்கிறீங்க." அதாவது அரை அடிக்குச் சண்டை போட்ட நாங்கள் இரண்டு பேரும் சர்க்கார் நிலத்தில் ஒரு அடி வளைத்திருந்தோம். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அன்றிலிருந்துதான் பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் தகவல் நின்றது என்று அர்த்தமில்லை. நம் பக்கத்தில் பங்காளிகள் பேசாமல் இருப்பதற்கு ஒரு முறை உண்டு. நடுவில் ஒரு ஆள் வேண்டும். அம்மா காரியத்தின்போது நானும் அண்ணனும் அருகருகேதான் உட்கார்ந்திருந்தோம். "நெய்க் கிண்ணத்த அந்தப் பக்கம் நகத்தச் சொல்லுங்க" என்று அண்ணன் ஐயரிடம் சொன்னார். ஐயர் திரும்பி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த என்னிடம் சொன்னார். மற்ற நாட்களில் நடுவில் நின்றவள் அண்ணன் மகள்தான். அவள் பிளஸ் டூ படிக்கும்போது தொடங்கியது. குத்தகை நெல் வந்துவிட்டதா, மோட்டார் ஷெட்டுச் சாவி யாரிடம், அம்மாவுக்கு மருந்து வாங்கியாகிவிட்டதா, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான். சண்டைக்கு முன்னால் அண்ணன் என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார். இப்போது அவளிடம் "ஒஞ் சித்தப்பா சார்ட்ட சொல்லு" என்பார். மரியாதை கூடக்கூட எனக்கு எரியும்.

அன்று போனில் அவள் மேற்கொண்டு சொன்னாள். "தை கடசீல கல்யாணம். அது முடிஞ்சு பதினஞ்சு நாள்ல அவரோட ஆஸ்திரேலியா போயிருவேன். அப்பா வந்து நேர்ல கூப்புடலன்னா நீங்க கல்யாணத்துக்கு வர மாட்டீங்க. வர மாட்டீங்கதானே?"

"வர மாட்டேன்" என்றேன். அதுவும் முறைதான். பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து நேரில் வந்து கொடுக்காத கல்யாணத்துக்குச் சித்தப்பன் போனால் ஊர் சிரிக்கும்.

"அதான். எட்டு வாரம் ஒரே வண்டிக்குள்ள இருங்க. அதுக்கப்பறம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேச ஆளு கெடையாது. எனக்கு அலுத்துப்போச்சு சித்தப்பா."

அவள் அலுத்துப்போச்சு என்று சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடத்தில் இதை அவளிடம் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அண்ணன் என்ன சொல்லி ஒப்புக்கொண்டார் என்று கேட்டேன். "வண்டி ஓட்டுறேன். பேசச் சொல்லாதன்னாரு" என்றாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஞாயிறு அது. நடவு முடிந்து, வயலில் தண்ணீர் நின்று, விவசாயி சும்மா உட்கார்ந்திருக்கும் காலம். ஊரில் இரண்டு அறைகளில் இரண்டு கம்ப்யூட்டர்கள். முன்னறையில் அப்பா, பின்னறையில் மகள். நாகூரில் கடைக்குள் பாய். தஞ்சாவூரில் நான். இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. அண்ணன் கியர் போட்ட விதத்திலேயே ஆளுக்கு வண்டி தெரியும் என்று புரிந்தது. முந்தைய இரண்டு அணிகளிலும் டிரைவர்கள் முதல் வாரம் முழுக்க மரத்தில் மோதினார்கள். இவர் சேற்றில் இறங்கும்போது வேகத்தை எப்போது குறைக்க வேண்டும் என்பதை நான் சொல்லாமலே செய்தார்.

சிக்கல் அடுத்த நிமிடம் வந்தது. இடது பக்கம் மேட்டுக்குப் பின்னால் எதிரி டாங்கி ஒன்று தலைகாட்டியது. நான் சொன்னேன்:

"வண்டிய நிறுத்தச் சொல்லும்மா."

"அப்பா, நிறுத்தணுமாம்" என்றாள் அவள்.

"எதுக்குன்னு கேளு" என்றார் அண்ணன்.

"சித்தப்பா, எதுக்குன்னு..."

குண்டு விழுந்தது. எரிந்தோம். எல்லாம் ஒரே லைனில்தான். நான் பேசுவது அண்ணன் காதில் நேராக விழுகிறது. அவர் பேசுவது என் காதில் விழுகிறது. ஆனாலும் அவள் திருப்பிச் சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. பாய் சிறிது நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "சார், டிரைவருக்கு ஸ்பீக்கர் வேலை செய்யலியா? நம்ம கடைல நல்ல ஹெட்செட் இருக்கு."

அண்ணன் மகள் விஷயத்தை அவருக்கு விளக்கினாள். பாய் "ஓ" என்றார். பிறகு எட்டு வாரமும் அவர் குண்டு ஏற்றுவதைத் தவிர வேறு எதிலும் தலையிடவில்லை. இருபது வருடம் அரபு முதலாளியிடம் இருந்தவர். எங்கே வாய் திறக்கக் கூடாது என்பதை அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வாரம் நான் கன்னருக்குச் சொல்ல வேண்டியதையும் டிரைவருக்குச் சொல்ல வேண்டியதையும் அவளிடமே சொல்ல வேண்டியிருந்ததால், எது யாருக்கு என்று அவளுக்கே குழம்பியது. "வலது" என்றேன். அவள் பீரங்கியை வலது பக்கம் திருப்பினாள். வண்டி நேராகப் போய்க் கிணற்றடிச் சுவரில் நின்றது. நான் ஆசிரியன் அல்லவா, இதற்கும் ஒரு முறை வகுத்தேன். டிரைவருக்கான உத்தரவு என்றால் முதலில் "முன்னறைக்கு" என்று சொல்வேன். "முன்னறைக்கு, வலது." அவள் திரும்பச் சொல்வாள். உலகத்தில் எந்த ராணுவத்திலும் இப்படி ஒரு நடைமுறை இருந்திருக்காது. நான் அதைப் பாடத்திட்டத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

மூன்றாவது வாரம்தான் இன்னொரு வினோதம் தெரிந்தது. அந்த வரைபடத்தில் ஒரு கிராமம். அதற்கு முன்னால் பெரிய கோதுமை வயல், முற்றின கதிர். வயலைச் சுற்றி ரோடு. ரோடு முடியும் இடத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் எதிரி பீரங்கி ஒன்றை நானே வைத்திருந்தேன். ரோட்டில் போனால் செத்தோம், வயலில் இறங்கிக் குறுக்கே போனால் பிழைப்போம். புதியவர்கள் ரோட்டை நம்பக் கூடாது என்பதற்காக நான் மெனக்கெட்டு அமைத்த பாடம். தேர்வும் இதே இடத்தில்தான்.

அண்ணன் வயல் ஓரம்வரை வந்து வண்டியை நிறுத்தினார்.

"முன்னறைக்கு, வயல்ல எறங்கி நேராப் போகச் சொல்லும்மா."

"அப்பா, வயல்ல எறங்கணுமாம்."

"கதிரு நிக்கிது" என்றார் அண்ணன்.

"சித்தப்பா, கதிரு நிக்கிதாம்."

"அது படம்மா. யாரோ கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. அறுக்கப் போறதும் இல்ல, அவிக்கப் போறதும் இல்லன்னு சொல்லு."

அவள் சொன்னாள்.

"படமா இருந்தாலும் பயிருதானேன்னு சொல்லு" என்றார். வண்டியை ரோட்டுக்குத் திருப்பினார். மரம் வரைதான் போனோம். அப்புறம் எரிந்தோம்.

நாலாவது வாரமும் எரிந்தோம். ஐந்தாவது வாரமும். ஆறாவது வாரம் பாய் "நேத்து கனவுலயும் அந்த மரம் வந்துச்சு சார்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறும். என் வரப்பை அரை அடி வெட்டியவருக்கு எவனோ வெள்ளைக்காரன் வரைந்த வயல்மேல் இவ்வளவு கரிசனமா என்று என் மனைவியிடம் பொருமினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்ப வரப்ப வெட்டுனது அவரு இல்லியோ என்னவோ?" ஆறு வருடத்தில் எனக்கு அப்படித் தோன்றவே இல்லை என்பதை அவளிடம் ஒப்புக்கொள்ள மனமில்லை.

எட்டாவது வாரம் தேர்வு. அந்த ஒரு நாளுக்கு மட்டும் பாதையை மாற்றினேன். வயலின் மறுபக்கமாக, ஆற்றங்கரை வழியாகச் சுற்றிப்போகும் ஒரு வழி இருந்தது. அதில் கதிரும் இல்லை, எதிரி பீரங்கியும் இல்லை. வாத்தியார் தன் மாணவனுக்குக் கேள்வித்தாளை எளிதாக்குவது தப்புதான். அண்ணன் தேறிவிட்டால் ஒரு வேளை மனம் இளகுமோ என்று ஒரு நப்பாசை. தை பிறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. பத்திரிகை அடித்துவிட்டார்கள் என்று கேள்வி. என் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

இன்ஜினைக் கிளப்பியவுடன் அண்ணன் மகள் சொன்னாள்: "இன்னைக்கி நான் கன்னர் மட்டுந்தான். சுடச் சொன்னா சுடுவேன். யார் சொன்னதையும் யாருக்கும் சொல்ல மாட்டேன்." அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். கரைமேல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கரை ஓரிடத்தில் உடைந்திருப்பதை மேலே தலை நீட்டியிருந்த நான் அப்போதுதான் பார்த்தேன். கீழே ஆறு. டிரைவருக்கு அது தெரியாது.

"நிறுத்தச் சொல்லும்மா" என்றேன். பதில் இல்லை.

"பாய், டிரைவர நிறுத்தச் சொல்லுங்க!"

"என்னைய விட்ருங்க சார். நான் குண்டு ஏத்துறவன்."

உடைப்பு நெருங்கிவிட்டது. என்னை அறியாமல் கத்தினேன்: "அண்ணே, நிறுத்து!"

அடுத்த அறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவ்வளவு சத்தம். வண்டி நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. அப்படியே ஆற்றில் இறங்கியது. திரை கறுத்தது.

பிறகு அண்ணன் குரல், நிதானமாக, யாரிடமோ சொல்வதுபோல: "யாரோ நிறுத்துன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. எங்கிட்ட பேசுற ஆளு இங்க யாரும் இல்லியேன்னு போயிட்டேன்."

நான் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் எறிந்தேன். அதன் காது ஒன்று உடைந்தது. ஆறு வருடம் கழித்து என் வாயிலிருந்து அண்ணே என்று வந்திருக்கிறது. அது கிடைத்தும் மனுஷன் ஆற்றில் கொண்டுபோய் இறக்கினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பதிவேட்டில் டிரைவர் பெயருக்கு நேரே 'தேர்ச்சி இல்லை' என்று சிவப்பு மையில் எழுதினேன். அன்று சாயங்காலம் அண்ணன் மகள் போன் செய்தாள். அழுதாள். கல்யாணத்துக்குப் போகப்போவதில்லை என்று எனக்கும் அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டு வந்து லுங்கிக்கு மாறியிருந்தேன். வாசலில் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். அண்ணி கையில் தாம்பாளம்: வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. என் மனைவி "வாங்க, வாங்க" என்று ஓடினாள். அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி என் மனைவியிடம் சொன்னார்: "கல்யாணத்துக்கு ரெண்டு நா முன்னாடியே வந்துரணும். ரெண்டு பேரும் சேந்து நின்னு வாங்கிக்கங்க."

வாங்கிக்கொண்டோம். தாம்பாளத்தின் அடியில் அவர் விரல் என் விரலில் பட்டது. அவர் பார்வை காலண்டரில்தான் இருந்தது. காபி வேண்டுமா என்று என் மனைவி கேட்டபோது, சர்க்கரை கம்மி என்றார். அவருக்கு எப்போது சர்க்கரை வந்தது என்று எனக்குத் தெரியாது. அது இன்னும் உறுத்துகிறது.

கல்யாணம் நடந்தது. இரண்டு நாள் முன்னாடியே போனேன். பந்தியில் சாம்பார் வாளிக்குப் பின்னால் நின்று மேற்பார்வை செய்தேன். தாலி கட்டி முடிந்து, ஆட்கள் மேடையேறி மொய்க் கவர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அண்ணன் மணப்பெண் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் கழுத்து நிறைய மாலையோடு, வீடியோக்காரனின் விளக்கு முகத்தில் அடிக்க, மேடையிலிருந்தே என்னைப் பார்த்துக் கூவினாள்: "சித்தப்பா, அப்பா ஒங்கள சாப்டச் சொல்றாங்க!" மண்டபமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிவந்துபோன கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானத்துக்குக் கிளம்பும் முன் போன் செய்தாள். "அப்பா கம்ப்யூட்டர எடுத்து வைக்க வேணாம்னுட்டாரு சித்தப்பா. ஏன்னு கேக்கல. நீங்களும் கேக்காதீங்க."

மாசியில் அறுப்பு முடிந்தபின் ஒரு நாள் எங்கள் வாட்ஸப் குழுவில், டிரைவரிடமிருந்து, ஒற்றை வரியில் ஒரு செய்தி வந்தது: அரியர் எழுத முடியுமா? யாரைக் கேட்கிறார் என்று அதில் இல்லை. 'ஞாயிறு பத்து மணி' என்று, யாருக்கு என்று சொல்லாமல் நானும் போட்டேன். பாய் உடனே பதில் போட்டார்: 'நாகூர்ல தர்கா கந்தூரி கூட்டம் சார். கடைய விட்டு வர முடியாது.' அந்த மாதம் கந்தூரி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிறு பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போனேன். டிரைவர் இடத்தில் ஆள் இருந்தார். கன்னர் இடம் காலி. லோடர் இடம் காலி. சுட ஆளில்லாத டாங்கியில் நாங்கள் இரண்டு பேர். சாப்பிட்டாயா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பொதுத் தேர்வு வினாத்தாள் கட்டைப் பிரிக்கும்போதுகூட நான் அத்தனை தடவை கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

இன்ஜின் கிளம்பியது. பழைய பாதைதான். அண்ணன் எதுவும் கேட்காமல் வயல் ஓரம்வரை வந்து நிறுத்தினார். கண் முன்னால் அதே முற்றின கதிர், காற்றில் ஆடிக்கொண்டு. இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். "முன்னறைக்கு" என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லி என்ன பயன்? பின்னறையில்தான் யாருமில்லையே.

"அண்ணே" என்றேன். "வயல்ல எறக்கு."

போன முறை ஆற்றில் கொண்டுபோய் இறக்கியது நினைவுக்கு வந்தது. அவர் மூச்சு விடுவது ஹெட்செட்டில் கேட்டது.

"இருடா" என்றார் அண்ணன். "கதிரு இல்லாத பக்கமா வழி இருக்கான்னு பாக்குறேன்."

கதிர் இல்லாத பக்கம் ரோடுதான்; ஆற்றங்கரை வழியை அந்தத் தேர்வு நாளோடு மூடிவிட்டேன். ரோட்டின் கடைசியில் மரம். மரத்துக்குப் பின்னால் பீரங்கி இருக்கிறது. வைத்தவன் நான்தான். வண்டி மெதுவாக ரோட்டுக்குத் திரும்பியது.

"சரிண்ணே, போ" என்றேன்.